பெயரில்லாமல் வந்தது ஒன்று

கண் விழித்ததும் அவள் எழுந்துவிட மாட்டாள். படுத்தபடியே ஜன்னலைப் பார்ப்பாள். ஒன்பது கம்பிகள். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக, உதடு அசையாமல் எண்ணிக்கொண்டு போவாள். நான்காவது கம்பியில் பெயின்ட் உரிந்த இடம் பல்லி மாதிரி இருக்கும். ஏழாவதில், முன்பு குடியிருந்தவர்கள் கொடி கட்டிய கயிற்றின் முடிச்சு இன்னும் அவிழாமல் கிடக்கும். ஒன்பது வரை வந்து எல்லாம் நேராக நின்றால்தான் கால் தரையில் படும். இடது கண் பிறந்ததிலிருந்தே ஒப்புக்குச் சப்பாணி. அதில் வெளிச்சம் உண்டு, உருவம் கிடையாது. வலது கண்தான் ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதன் விழித்திரை மெலிந்துபோயிருக்கிறது, தினமும் காலையில் நேரான எதையாவது பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்.

"தினமும் கம்பி எண்றேன். எப்போ விடுதலைன்னுதான் தெரியல" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

கடை என்பது சலவைக் கடை. துணி வாங்கும் இடத்தில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். வருகிற ஒவ்வொரு உருப்படியையும் விரித்து, பையைத் துழாவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உள்ள குறையைச் சீட்டில் எழுத வேண்டும். 'காலரில் மஞ்சள். இடது முழங்கையில் எண்ணெய். மூன்றாவது பொத்தான் வேறு நிறம்.' பிறகு யாராவது வந்து "இந்தக் கறை முன்னாடி இல்லையே" என்று மல்லுக்கு நின்றால், அந்தச் சீட்டை எடுத்து நீட்டினால் போதும். அவள் எழுதியது தப்பு என்று இதுவரை ஒருவரும் காட்டியதில்லை. "உன் கண்ணுல பட்டா சாமி சட்டையில கூடக் கறை தெரியும்" என்பார் இஸ்திரி போடுகிற அண்ணன்.

எழுத்தாளர் வட்டத்துக்கு அவள் போய்ச் சேர்ந்ததும் ஒரு சட்டைப் பை வழியாகத்தான். வெளுக்க வந்த சட்டையில் நாலாக மடித்த கவிதை ஒன்று இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்து, "இரண்டாவது பக்கத்துல ஒரு வரி அழிஞ்சிருக்கு, நான் அழிக்கல" என்று சீட்டு எழுதிச் சேர்த்துக் கொடுத்தாள். சட்டைக்காரர் வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர். "இப்படிப் படிக்கிற ஆளு எங்களுக்கு வேணும்மா" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

நூலகத்து மாடி அறை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். அவள் போய்ச் சேர்ந்த மாதமே கூட்டத்தில் நடந்ததைக் குறிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் அது ஒரு தாளில் இரண்டு பக்கச் செய்தி மடலாக ஆனது. அதற்கடுத்த மாதத்திலிருந்து அவளுக்குக் குறிப்பக்கா என்று பெயர். 'கூரியர் தம்பியின் கதை வார இதழில் வந்திருக்கிறது. ஐந்தாம் பத்தியைக் காணவில்லை.' 'டீச்சரின் தொகுப்புக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கும் இல்லை.' 'தலைவரின் நாவல் நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. ஐந்தாவது உறை வாங்கிவிட்டார்.' ஒன்பது வருடம், நூற்றேழு மடல். யாருக்கு முதுகு வலி, யார் மகன் பரீட்சையில் தேறினான், யார் எழுதுவதை விட்டுவிடப் போவதாக எத்தனையாவது முறையாக அறிவித்தார், எல்லாம் அதில் இருக்கும். அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. செய்தி இல்லாததால்தான் எழுதவில்லை என்று அவளும் நினைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஒன்பது கம்பிகளும் அடியில் இல்லை. மேலே இருந்தன, கீழே இல்லை. கறுப்புத் துணியை யாரோ தரையிலிருந்து மெதுவாக உயர்த்திப் பிடித்த மாதிரி. கண்ணைத் தேய்த்தாள். முகம் கழுவினாள். துணி அங்கேயேதான் இருந்தது.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர். முகத்தைப் பார்த்தே பேசினார். "விழித்திரை பிரிய ஆரம்பிச்சிருக்கும்மா. நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டுதான் இருக்கு. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் போட்டுடலாம். அதத் தாண்டினா நான் பொறுப்பு இல்ல. இன்னொரு கண்ணு வேற உதவாதுங்கிறீங்க."

நர்ஸ் விவரம் சொன்னாள். காலை ஏழு மணிக்கு மேற்கு வாசலுக்கு வர வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும், கையெழுத்துப் போட. ஆள் இல்லாமல் வந்தால் சேர்க்க மாட்டார்கள். கண்ணுக்குள் காற்று வைப்பதால், பிறகு பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும். தலை நிமிரக் கூடாது.

"வீட்ல யாரும்மா இருக்கா?"

"இருக்காங்க" என்றாள். அது ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மதியம் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு.

"இந்த வாரமாக்கா? ஆபீஸ்ல தணிக்கை நடக்குது, நகர முடியாது. அடுத்த மாசம்னா பரவாயில்ல. டாக்டர்ங்க அப்படித்தான் அவசரப்படுத்துவாங்க. நீ ஒண்ணும் பயப்படாத."

"பயமெல்லாம் இல்லடா."

"அதான பார்த்தேன். நீ யாரு!"

கடையில் இஸ்திரி அண்ணனிடம் சொல்லலாம் என்று மறுநாள் இரண்டு முறை பின்கட்டுக்குப் போனாள். அவர் மனைவி மூன்று மாதமாகப் படுக்கையில். நீராவிக்கு நடுவே நின்று, "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே, நீல சஃபாரி ரெடியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். எதிர்வீட்டுத் தம்பதி இரண்டு பேரும் இரவு வேலைக்காரர்கள். அவர்களைப் பார்ப்பதைவிட அவர்கள் பூட்டைப் பார்த்ததுதான் அதிகம். சனிக்கிழமை, தரையிலிருந்து உயர்ந்த துணி இன்னும் ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. அப்போதுதான் வட்டம் நினைவுக்கு வந்தது. நாளைக்கு இரண்டாவது ஞாயிறு. பதினோரு பேர்.

கேட்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. வட்டத்து மேஜையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. மடலுக்கான செய்திகளையும் அதில் போடுவார்கள். பெயரில்லாத படைப்புகளையும் போடுவார்கள். செய்தி எது, படைப்பு எது என்று பிரித்துக் கொடுப்பது குறிப்பக்காவின் வேலை. பெயரில்லாப் படைப்பைத் தலைவர் வாசிப்பார். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில், "எழுதினவங்க எழுந்திரிக்கலாம், எழுந்திரிக்காமலும் இருக்கலாம்" என்பார் தலைவர். இது ஒன்றுதான் வட்டத்தின் சட்டம்.

ஒரு செய்தியாக எழுதி டப்பாவில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். தொடங்கி வைக்க வேறொரு வாய் கிடைத்தால் போதும். "இது யாருக்கு?" என்று கேட்பார்கள். அப்போது எழுந்து நின்றுவிடலாம். பெயர் எதற்கு?

ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தில் பேனா எழுத்து எறும்பாக ஓடியது. கடையில் மூட்டைக்கு எண் போடும் தடித்த மார்க்கரை எடுத்தாள். பெரிய பெரிய எழுத்து. மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போனால் வரி கோணிக்கொண்டு கறுப்புக்குள் இறங்கியது. அதனால் அங்கங்கே நிறுத்திவிட்டு அடுத்த வரிக்கு வந்தாள். இருபத்திரண்டு வருடம் சீட்டு எழுதிய கையெழுத்து அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள்தான் முதலில் போனாள். டப்பாவுக்குள் தாளைப் போட்டாள். தலைவர் வந்ததும், "கண்ணுல மருந்து விட்டிருக்கேன் தலைவரே. இன்னைக்கு நீங்களே பிரிச்சுப் படிங்க" என்றாள்.

"கண்ணுக்கு என்னம்மா?"

"கொஞ்சம் உறுத்தல்."

"கவனமா பார்த்துக்கோ. உன் கண்ண நம்பித்தான் நம்ம கட்சி ஓடுது."

கூரியர் தம்பிக்கு இன்னொரு கதை வந்திருந்தது. கைதட்டினார்கள். டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் கவிதை பற்றிப் பேசப் போய், ஒலிபெருக்கி வேலை செய்யாமல் திரும்பிய கதையைச் சொன்னார். தலைவரின் ஐந்தாவது உறையும் திரும்பி வந்துவிட்டது. "இனி தபால்காரன் எனக்கு வணக்கம் வைக்கிறதையே நிறுத்திடுவான்" என்றார். பிறகு டப்பாவின் அடியிலிருந்து மார்க்கர் தாளை எடுத்தார். கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "ஓ, பெயரில்லாம ஒரு கவிதை வந்திருக்கு."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். தலைவர் கவிதை வாசித்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விடுவார்.

வியாழக்கிழமை காலை
ஏழு மணிக்கு
கண் ஆஸ்பத்திரி மேற்கு வாசலில்
என்னோடு ஒருவர்
நிற்க வேண்டும்.
கையெழுத்துப் போட
ஒரு கை.
பிறகு பத்து நாள்
நான் குப்புறப் படுத்திருப்பேன்.
ஒரு வேளை சாப்பாடு
கொண்டுவந்து வைத்தால் போதும்.
கதவைப் பூட்ட மாட்டேன்.
எனக்கு வேறு யாரையும்
கேட்கத் தெரியவில்லை.

"அடடா" என்றார் டீச்சர். "மேற்கு வாசல், கவனிச்சீங்களா? கிழக்குன்னு போடல. சூரியன் சாயற பக்கம். வாழ்க்கையோட சாயங்காலம்."

"காலை ஏழு மணின்னு போட்டிருக்கே டீச்சர். சாயங்காலத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றான் கூரியர் தம்பி.

"அதுதான்டா முரண். உனக்குப் பார்சலத் தவிர என்ன தெரியும்?"

எல்லோரும் கத்தரியைப் பார்த்தார்கள். அவன் எலெக்ட்ரீஷியன். யார் எதை வாசித்தாலும் "வெட்டலாம்" என்று தொடங்குவதால் அந்தப் பெயர். அவன் சொன்னால்தான் கூட்டம் களை கட்டும்.

"முதல்ல ஆஸ்பத்திரிய வெட்டணும்" என்றான் கத்தரி. "ஏழு மணி, பத்து நாள், ஒரு வேளை சாப்பாடு... இது கவிதையா, மளிகை லிஸ்டா? 'ஒரு கை' இருக்கட்டும், அது தேறும். மத்ததெல்லாம் தூக்கிடலாம். அப்புறம் அந்தக் கடைசி. கேட்கத் தெரியலையாம். கேட்கத் தெரியாத ஆளா இவ்வளவு விலாவாரியா கேட்கிறது? அழ வைக்கணும்னே எழுதினது. இத்தனை பெரிய ஊர்ல ஒரு கையெழுத்துக்கு ஆள் கிடைக்காதாங்க? நம்புற மாதிரி இல்ல."

"அதானே" என்றார் டீச்சர். "நம்ம வட்டத்துலயே இத்தனை பேர் இருக்கோம். கேட்டா போக மாட்டோமா?"

எல்லாத் தலைகளும் ஆடின. நிஜமாகவே ஆடின. அவள் நாற்காலியின் கையைப் பிடித்து உடம்பைப் பாதி தூக்கியிருந்தாள்.

"போவோம் டீச்சர்" என்றான் கூரியர் தம்பி. "ஆனா கவிதைக்குள்ள எந்த பஸ் போகுது?"

அறை குலுங்கச் சிரித்தார்கள். தலைவருக்கு இருமல் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஒன்பது வருடமாக இந்த மேஜையில் எல்லோரும் சிரிக்கும்போது சிரித்த முகம். அது பாட்டுக்குச் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு எழுந்து நின்று அது நான்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பதினோரு முகமும் தொங்கிப்போகும். டீச்சர் அழுவார். இந்தத் தம்பி இனி ஜென்மத்துக்கும் ஒரு நகைச்சுவை சொல்ல மாட்டான். அவர்களுக்கு அந்த அவமானத்தைக் கொடுப்பதற்குக் கண் போவதே மேல் என்று அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தோன்றியது. பிறகு அந்த நிமிடம் போய்விட்டது.

"எழுதினவங்க எழுந்திரிக்கலாம், எழுந்திரிக்காமலும் இருக்கலாம்" என்றார் தலைவர்.

யாரும் எழவில்லை.

"தாளக் கொடுங்க தலைவரே" என்று கத்தரி கை நீட்டினான். வாங்கி, திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தான். "மார்க்கர்ல எழுதியிருக்கு. அக்கா, குறிப்புல என்ன போட்டீங்க?"

அவள் நோட்டில் பேனா ஓடிக்கொண்டுதான் இருந்தது. என்ன எழுதியது என்று அவளுக்கே தெரியாது. "முடிவு நம்பும்படி இல்லைன்னு."

"ஆங், அதேதான்" என்றான் அவன்.

கூட்டம் கலைந்ததும் தாளைக் கிழித்துப்போட டப்பாவைத் துழாவினாள். இல்லை. மேஜைக்கு அடியில், நாற்காலிகளுக்குக் கீழே எல்லாம் கையால் தடவிப் பார்த்தாள். யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாலு பேருக்குக் காட்டிச் சிரிக்க இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"கூட வர்றவங்க பேர் சொல்லுங்கம்மா."

"யாரும் இல்ல. என் இடத்த வேற யாருக்காவது கொடுத்திடுங்க."

"இல்லன்னா எப்படிம்மா? அடுத்த தேதி பதினேழு நாள் கழிச்சுதான் இருக்கு. டாக்டர் எதுவும் சொல்லலையா உங்ககிட்ட?"

"சொன்னாரு" என்று போனை வைத்தாள்.

வியாழக்கிழமை வழக்கம் போல எண்ணினாள். ஒன்பது கம்பிகளும் இருந்தன; ஒன்பதும் பாதியில் நின்றன. பல்லி இருந்தது. ஏழாவது கம்பியின் முடிச்சு கறுப்புக்குள் போய்விட்டது. எழுந்து, குளித்து, மேஜை விளக்கைத் தாளுக்கு மிக அருகில் இழுத்து வைத்துக்கொண்டு நூற்றெட்டாவது மடலை எழுத உட்கார்ந்தாள். கண்ணில் மேல்பாதி மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கூரியர் தம்பியின் கதை. டீச்சரின் ஒலிபெருக்கி. தலைவரின் ஐந்தாவது உறை. கீழ்த்தெருவில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அது ஏழு மணிக்கு வருகிற வேன். ஒரு நொடி பேனாவை நிறுத்தினாள். பிறகு எழுதினாள்:

'பெயரில்லாமல் வந்தது ஒன்று. விவரங்கள் அதிகம், முடிவு நம்பும்படி இல்லை என்பது பொதுக் கருத்து. எழுதியவர் எழுந்திருக்கவில்லை.'

அடுத்த வாரம் ஒருவர் வெள்ளைக் கோட்டு ஒன்று கொண்டுவந்தார். அவள் விரித்தாள், தடவினாள், திருப்பினாள். 'கறை இல்லை' என்று எழுதினாள். கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு மை கொட்டியிருந்தது. கொண்டுவந்தவரே பதறிப்போய், "என்னம்மா, இதுக்குத்தானே வந்தேன்" என்றார். இஸ்திரி அண்ணன் பின்கட்டிலிருந்து ஓடிவந்து அவள் முகத்துக்கு நேரே கையைக் காட்டினார்.

"எத்தனை விரல்?"

"விளையாடாதீங்கண்ணே."

"எத்தனை விரல்னு சொல்லும்மா!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு சஃபாரி ரெடியான்னு கேட்டியே, அதுக்கு பதிலா இதச் சொல்லியிருக்கலாமே பாவி." அன்றே கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயசு டாக்டர் இந்த முறை முகத்தைப் பார்க்காமல் பேசினார். நடுப்பகுதியும் பிரிந்துவிட்டது, வேண்டுமானால் செய்து பார்க்கலாம். செய்தார்கள். பத்து நாள் குப்புறப் படுத்தாள். வெளிச்சம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. இப்போது இரண்டு கண்ணும் ஒரே மாதிரி.

தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனான். இப்போது லீவு கிடைத்தது. அவன் வீட்டில் அவளுக்குக் கொடுத்த கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் கையை நீட்டிக் கம்பிகளைத் தொட்டு எண்ணுகிறாளாம். அங்கே எட்டுதான். எட்டாவதைத் தாண்டிக் கை சுவரில் போய் முட்டும்.

நூற்றொன்பதாவது மடலைக் கூரியர் தம்பி எழுதினான். 'குறிப்பக்கா உடல்நிலை காரணமாகத் தம்பி ஊருக்குச் சென்றுவிட்டார். அவரது சேவைக்கு வட்டத்தின் நன்றி.' நூற்றெட்டு மடல் தாண்டி அவளைப் பற்றி வந்த முதல் செய்தி அது. அதே கூட்டத்திலிருந்து கத்தரியும் வருவதை நிறுத்திவிட்டான். மின்வேலை அதிகம் போலிருக்கிறது என்றார்கள். மார்க்கர் தாள் யாருடையது என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கவிதைகள் வந்துவிட்டன.

ஒன்றரை வருடம் கழித்து, பழைய மடல்களை ஒரு கோப்பாகக் கட்டும்போது கூரியர் தம்பி நூற்றெட்டை எடுத்து வாசித்தான். கடைசி மூன்று வரிக்கு வந்ததும் நிறுத்தினான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அந்தத் தாளில் சொன்ன வியாழக்கிழமை காலையில் கண் ஆஸ்பத்திரி மேற்கு வாசலில் அவனுக்கு ஒரு பார்சல் கொடுக்க இருந்தது. ஏழரை மணிக்குப் போனபோது கத்தரி அங்கே நின்றுகொண்டிருந்தான். வேலைச் சட்டை போடாமல், தேய்த்த சட்டை போட்டிருந்தான். கையில் சாப்பாட்டு கேரியர். சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்தபடி நின்றான். பதினொரு மணிக்கு இன்னொரு பார்சலோடு திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றான்.

"யாருண்ணே, வீட்ல யாருக்காவது ஆபரேஷனா?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"நம்ம ஆளு ஒருத்தர் வரணும்."

"யாரு?"

"தெரியலடா" என்றானாம் கத்தரி. "வந்தாத்தான் தெரியும்."